ரேர் எர்த் படிவு ஒன்றை எடைபோடுவது எப்படி: கனிமத்தில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் ஒரு சிறிய கனிம ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வெளியிலிருந்து வரும் ரேர் எர்த் (அருமண் தனிமங்கள்) ஆய்வுக் கோப்புகளைப் படித்து, அந்தப் படிவில் சுரங்கம் போடும் அளவுக்குச் சரக்கு இருக்கிறதா என்று சொல்வது எங்கள் தொழில். ஆண்டுதோறும் சேலம், திருச்சி, சென்னை என்று நம் ஊர்க் கல்லூரிகளில் ஜியாலஜி முடித்த பிள்ளைகள் நாலைந்து பேர் வந்து சேர்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் கோப்பு கைக்கு வந்ததும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். எக்செல்லைத் திறந்து, மொத்த ரேர் எர்த் ஆக்சைடு என்ற பத்தியைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குகிறார்கள்.

"அண்ணா, மூணரை சதவீதம் வருது! பெரிய படிவுதானே?"

அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. 0.1 சதவீதம் மட்டுமே உள்ள களிமண்ணை வைத்துச் சீனாவின் தென்பகுதியில் பல பத்தாண்டுகளாக வியாபாரம் நடக்கிறது. 2 சதவீதம் இருந்தும் தொட ஆளில்லாத பாறைகளும் உண்டு. வேறுபாடு, அந்தத் தனிமங்கள் எந்தக் கனிமத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் முந்தைய படியின் பதிலைக் கேட்டு நிற்கும்.

தொடங்கும் முன்: மேசையில் இருக்க வேண்டியவை

நிலவியல் வரைபடம், துளையிட்ட இடங்களின் பட்டியல், கோர் (துளையிட்டு எடுத்த பாறை உருளை) விவரக் குறிப்பு, லேப் கொடுத்த மூல அஸே (எந்தத் தனிமம் எவ்வளவு என்ற அளவீடு) சான்றிதழ், கனிம ஆய்வு அறிக்கை, அடர்த்தி அளவீடு. இந்த ஆறும் வேண்டும். யாரோ சுருக்கி அனுப்பிய எக்செல்லை வைத்துத் தொடங்காதீர்கள். லேப் சான்றிதழில்தான் மாதிரியை எந்த முறையில் கரைத்தார்கள் என்று எழுதியிருக்கும். சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த வரிதான்.

இந்தியப் படிவு என்றால், இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்து அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் வந்த வரைபடத்தோடு ஒப்பிட அது உதவும்.

ரேர் எர்த் என்பவை பதினைந்து லாந்தனைடுகள், ஸ்காண்டியம், இட்ரியம் என மொத்தம் பதினேழு தனிமங்கள். அவற்றில் புரோமீத்தியம் இயற்கையில் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கிடையாது. லாந்தனம் முதல் நியோடிமியம் வரை லேசானவை, டெர்பியம், டிஸ்புரோசியம் தொடங்கிக் கனமானவை என்ற பிரிவு தலையில் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

1. படிவு எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள்

நடைமுறையில் வரும் கோப்புகள் பெரும்பாலும் ஐந்து வகைக்குள் அடங்கிவிடும்.

கார்பனடைட் முதல் வகை. பூமியின் ஆழத்திலிருந்து உருகி வந்த கார்பனேட் பாறை இது. அமெரிக்காவின் மவுன்டன் பாஸும் நம் குஜராத்தின் அம்பா டோங்கரும் இந்த வகை. கார்பனடைட் மழையிலும் வெயிலிலும் பல லட்சம் ஆண்டுகள் மட்கி, கார்பனேட் கரைந்துபோய், ரேர் எர்த் மட்டும் மேலே செறிந்து நிற்பது இரண்டாவது. ஆஸ்திரேலியாவின் மவுன்ட் வெல்ட் அப்படி. மூன்றாவது, காரத்தன்மை மிகுந்த கிரானைட், சயனைட் பாறைகள். ராஜஸ்தானின் சிவானா வளையத் தொகுதி இதற்கு நல்ல உதாரணம். நான்காவது, கிரானைட் மட்கிய களிமண்ணில் ரேர் எர்த் அயனிகளாக ஒட்டிக்கொண்டிருப்பது. ஐந்தாவது நமக்கு நன்றாகத் தெரிந்த தாது மணல்: மணவாளக்குறிச்சி, சவரா, ஒடிசாவின் சத்ரபூர்.

வகையை முதலில் தீர்மானிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எதை அளக்க வேண்டும் என்பதே வகையைப் பொறுத்து மாறும். தாது மணலில் முதலில் பார்ப்பது கனமணல் எத்தனை சதவீதம், அதில் ரேர் எர்த் உள்ள மோனசைட் கனிமம் எவ்வளவு என்பதை. களிமண் படிவில் மொத்த அளவைப் பார்த்துப் பயனில்லை. அமோனியம் சல்பேட் கரைசலில் எவ்வளவு கழன்று வருகிறது என்பதுதான் கணக்கு. கழலாமல் பழைய கனிமத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கும் பங்கு, நம்மைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, உருமாறிய சுண்ணாம்புப் பளிங்கைக் கார்பனடைட் என்று நினைத்துக்கொள்வது. இரண்டும் அமிலம் பட்டால் நுரைக்கும். கார்பனடைட்டில் ஸ்ட்ரான்சியம், பேரியம், நியோபியம் மூன்றும் எகிறி நிற்கும். அபடைட், மேக்னடைட் கனிமங்களும் கூடவே இருக்கும். சுற்றியுள்ள பாறை காரக் கரைசலில் ஊறி நிறம் மாறியிருக்கும். இந்த மூன்று அடையாளங்களில் குறைந்தது இரண்டு கிடைக்காவிட்டால், வரைபடம் போட்டவரிடம் திரும்பக் கேளுங்கள்.

2. கனிமத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

மொத்த வேலையில் பாதி இந்தப் படிதான். எத்தனை நாள் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

உலகில் ரேர் எர்த் பிரித்தெடுக்கும் ஆலைகள் பழகிய கனிமங்கள் சிலவே. பாஸ்ட்னசைட் கார்பனேட்டும் ஃபுளோரினும் சேர்ந்தது. மோனசைட் பாஸ்பேட். செனோடைம் இட்ரியம் நிறைந்த பாஸ்பேட். களிமண்ணில் ஒட்டிய அயனிகள் தனி வகை. இவற்றை உடைக்கும் வழி தெரியும். பாஸ்ட்னசைட்டை மிதப்பு முறையில் (அரைத்த தாதுவை நுரையில் ஒட்ட வைத்துப் பிரிப்பது) செறிவாக்கி, வறுத்து, அமிலத்தில் கரைக்கலாம். மோனசைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவிலோ, கந்தக அமிலத்தோடு சுட்டோ உடைக்கலாம்.

சிலிக்கேட் கனிமங்கள் வந்தால்தான் சிக்கல். அலனைட், யூடியலைட் போன்றவற்றில் ரேர் எர்த் இருக்கும். யூடியலைட்டில் கனமான தனிமங்களும் ஓரளவு நல்ல பங்கில் இருப்பதால் ஆசை வரும். ஆனால் அமிலத்தில் போட்டால் சிலிக்காவும் சேர்ந்து கரைந்து, கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்கக் கஞ்சி போல் உறைந்துவிடும். வடிகட்ட முடியாது. தடுக்க வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் செலவு.

எனவே கனிம ஆய்வு அறிக்கையில் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். மொத்த ரேர் எர்த்தில் எந்தக் கனிமத்துக்கு எவ்வளவு பங்கு? துகள் அளவு எத்தனை மைக்ரான்? எதோடு பின்னிக் கிடக்கிறது?

மூன்றாவது கேள்வியைத்தான் பிள்ளைகள் தாண்டிப் போகிறார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். ரேர் எர்த் கனிமம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், கால்சைட் சாம்பல் நிறத்தில் நிற்கும். வெள்ளைத் துண்டுகள் தனித்தனி மணியாக, 50 மைக்ரானுக்கு மேல் இருந்தால் நிம்மதி. அதே வெள்ளை, வெட்டிவேர் போலச் சாம்பலுக்குள் மெல்லிய இழைகளாக ஓடினால், எவ்வளவு நுணுக்கி அரைத்தாலும் இரண்டும் முழுதாகப் பிரியாது. அதற்கு மேல் அரைத்தால் மாவாகி, மிதப்புத் தொட்டியில் நுரையோடு ஒட்டாமல் கழிவோடு போய்விடும். பாரிசைட், சின்கிசைட் என்ற ரேர் எர்த் கனிமங்கள் பாஸ்ட்னசைட்டோடு இப்படிப் பின்னிக் கிடக்கும் மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறிக்கையில் 'ரேர் எர்த் கனிமங்கள் காணப்படுகின்றன' என்று மட்டும் இருந்தால் அது பதில் ஆகாது. பெயர் வேண்டும், பங்கு வேண்டும்.

3. ஒரு நாள் பாறையைத் தொட்டுப் பாருங்கள்

கோப்பில் உள்ள படிவு ஆப்பிரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கலாம். ஆனால் கார்பனடைட்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அதைப் பற்றி எழுதக் கூடாது என்பது என் பிடிவாதம். பெங்களூரில் இருப்பவர்களுக்கு இது கஷ்டமே இல்லை. காலை ரயிலில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கி, பஸ்ஸில் திருப்பத்தூர் பக்கம் போனால் செவ்வாத்தூர். சுமார் 77 கோடி ஆண்டு வயதுள்ள கார்பனடைட் தொகுதி அங்கே இருக்கிறது. அபடைட், வெர்மிகுலைட், பைரோகுளோர் ஆகிய கனிமங்களுக்காக ஜியாலஜிக்காரர்களிடையே பெயர் பெற்ற இடம். சுரங்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். வெளியே தெரியும் பாறையும் சாலையோரக் கற்களுமே பாடத்துக்குப் போதும்.

பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிறு சொட்டுப் பாட்டிலில், கைலென்ஸ், பேனாக்கத்தி. இவ்வளவுதான் கொண்டுபோக வேண்டும். புதிதாக உடைத்த முகத்தில் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே பொங்கும். டோலமைட்டாக இருந்தால் சும்மா இருக்கும். கத்தியால் சுரண்டி, அந்தப் பொடியில் விட்டால்தான் மெல்ல நுரைக்கும். இந்த வித்தியாசம் கையில் படிந்துவிட வேண்டும். ஏனென்றால் பல கார்பனடைட்டுகளில் கால்சைட் முதலில் உறைந்து, டோலமைட்டும் இரும்பு கலந்த அங்கரைட்டும் பின்னால் வந்தவை. ரேர் எர்த் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சேரும். அம்பா டோங்கரிலும் அங்கரைட் நிறைந்த பகுதியில்தான் அது அதிகம்.

வெர்மிகுலைட் செதில் ஒன்றைக் குறடில் பிடித்து லைட்டர் தீயில் காட்டுங்கள். அடுக்குகளுக்கு நடுவே உள்ள நீர் ஆவியாகி, செதில் புழு நெளிவது போல நீண்டு எழும். போன ஆண்டு எங்களோடு வந்த ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் அவன் எழுதிய கோர் விவரக் குறிப்பில், எந்த ஆழம் வரை மட்கல் இறங்கியிருக்கிறது என்ற எல்லையை முதல் தடவையாகச் சரியாகக் குறித்திருந்தான்.

கதிர் எண்ணும் கருவி கிடைத்தால் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதை நம்பி ரேர் எர்த் தேடாதீர்கள். அது காட்டுவது தோரியம், யுரேனியம், பொட்டாசியம். மோனசைட் இருந்தால் எண்ணிக்கை ஏறும். தோரியம் குறைவான பாஸ்ட்னசைட் பாறை, எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் கருவி பெரிதாகச் சத்தம் போடாது.

4. அஸே தாளை இப்போது திறக்கலாம்

சரி, இப்போது எண்களுக்கு வருவோம். முதலில் மூன்று சோதனைகள்.

முதல் சோதனை, மாதிரியைக் கரைத்த முறை. லித்தியம் போரேட்டோடு உருக்கி, அப்புறம் கரைத்து அளந்தார்களா, அல்லது நான்கு அமிலங்களில் கரைத்தார்களா? நான்கு அமில முறையில் மோனசைட்டும் செனோடைமும் சிர்கானும் முழுதாகக் கரையாது. கரையாதது அளவில் வராது. குறிப்பாகக் கனமான தனிமங்கள் குறைந்து தெரியும். என் ஆரம்ப நாட்களில் ஒரு கோப்பில் இதைக் கவனிக்காமல், கனமான தனிமங்கள் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பிறகு உருக்கும் முறையில் மறுபடி அளந்தபோது படம் மாறியது. ஒரு மாத வேலை வீணானது ஒருபுறம். நல்ல படிவு ஒன்றைத் தட்டிக்கழிக்க இருந்தோம் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியின் எண்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். லாந்தனம், சீரியம், இட்ரியம் ஓரளவுக்குத் தரும். டெர்பியம், டிஸ்புரோசியம் கோடுகளை இரும்பின் கோடு மறைத்துவிடும்.

இரண்டாவது சோதனை, அலகு. லேப் தனிமமாகக் கொடுக்கும், அறிக்கைகள் ஆக்சைடாகப் பேசும். மாற்றும் பெருக்கெண்களில் தினமும் தேவைப்படுபவை: லாந்தனம் 1.1728, சீரியம் 1.2284, பிரசியோடிமியம் 1.2082, நியோடிமியம் 1.1664, டிஸ்புரோசியம் 1.1477, டெர்பியம் 1.1762, இட்ரியம் 1.2699. ஏற்கெனவே ஆக்சைடாக உள்ள பத்தியை இன்னொரு முறை பெருக்கி, ஒரே இரவில் படிவை ஐந்தில் ஒரு பங்கு வளர்த்துவிட்ட தாள்கள் வந்திருக்கின்றன. ஒரு வரியை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, காண்ட்ரைட் வரைபடம். ஒவ்வொரு தனிமத்தின் அளவையும் காண்ட்ரைட் விண்கல்லில் உள்ள அளவால் வகுத்து, அணு எண் வரிசையில் கோடு போடுங்கள். லாந்தனத்துக்கு வகுக்கும் எண் பத்து லட்சத்தில் 0.237 பங்கு, சீரியத்துக்கு 0.613, நியோடிமியத்துக்கு 0.457. ஏன் வகுக்க வேண்டும்? இயற்கையில் இரட்டைப்படை அணு எண் கொண்ட தனிமங்கள் பக்கத்து ஒற்றைப்படைத் தனிமங்களைவிட அதிகம். வகுக்காமல் போட்டால் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும். வகுத்தால் வழுவழுப்பாக வர வேண்டும்.

யூரோப்பியத்திலும் சீரியத்திலும் பள்ளமோ மேடோ வரலாம், அதற்கு இயற்கையான காரணம் உண்டு. இந்த இரண்டும் சூழலைப் பொறுத்து வேறு மின்னேற்றத்துக்கு மாறிக்கொள்ளும். வேறு இடத்தில் கோடு குத்திட்டு நின்றால் பாறையைச் சந்தேகிக்காதீர்கள், லேபைக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை இது. ஆனால் எத்தனையோ தப்பான தாள்களை இந்த ஒரு கோடு பிடித்துக் கொடுத்திருக்கிறது.

லேபின் அளவைச் சரிபார்க்க வைக்கும் பிளாங்க் (தனிமம் இல்லாதது), டூப்ளிகேட் (அதே மாதிரி மறுபடி), ஸ்டாண்டர்ட் (அளவு முன்பே தெரிந்தது) மாதிரிகள் இடையிடையே இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் குறித்து வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

5. கூடையில் எது எவ்வளவு

மொத்த அளவுக்குள் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்ற பங்கீட்டைக் கூடை என்போம். பணம் எங்கிருந்து வரும் என்பதை இது சொல்லும்.

மவுன்டன் பாஸ் பாஸ்ட்னசைட்டில் சீரியம் ஏறத்தாழ பாதி, லாந்தனம் மூன்றில் ஒன்று. காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியமும் பிரசியோடிமியமும் சேர்த்துச் சுமார் 16 சதவீதம்தான். ஆனால் விலை மதிப்பின் பெரும்பங்கு அந்த 16க்குள் இருக்கிறது. சீரியமும் லாந்தனமும் சந்தையில் தேவைக்கு மேல் கிடப்பவை. நியோடிமியம் வேண்டும் என்று தோண்டினால் அவையும் கூடவே வந்து கிடங்கை நிரப்பும்.

டெர்பியமும் டிஸ்புரோசியமும் கொஞ்சமாக இருந்தாலும் தனியாக எழுதுங்கள். சூட்டிலும் காந்தம் வலுவிழக்காமல் இருக்க இவை தேவை. 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு தனிமங்களில் இவ்விரண்டும் உண்டு. இங்கே மின்சார வண்டி மோட்டார் செய்யும் நண்பர்களிடம் கேட்டால் அந்த ஆண்டு பட்ட பாட்டைச் சொல்வார்கள்.

ஒரே படிவில் கூடை இடத்துக்கு இடம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். சராசரி எடுக்கும் முன் மட்கிய மண், கெட்டிப் பாறை என்று பிரித்து எடுங்கள்.

6. உருவமும் அளவும்

இப்போது துளைகள். கோரில் 20 மீட்டர் நீளத்துக்குத் தாது வந்தது என்றால் தாதுப் பட்டை 20 மீட்டர் தடிமன் என்று அர்த்தமில்லை. பட்டை கோரின் அச்சோடு 30 பாகை கோணத்தில் வெட்டினால் உண்மைத் தடிமன் 10 மீட்டர்தான். கோர் குறிப்பில் கோணம் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கோர்ப் பெட்டியின் போட்டோவைக் கேட்டு வாங்கி, திரையில் வைத்து அளந்து பாருங்கள்.

அடர்த்தியில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. கெட்டிக் கார்பனடைட்டுக்குக் கன மீட்டருக்கு 2.8 டன் என்று வைத்து, மட்கிய மேல் பகுதிக்கும் அதையே போட்டுவிடுவார்கள். மட்கிய மண், காய்ந்த நிலையில் 1.8 இருந்தாலே அதிகம் என்ற படிவுகள் உண்டு. அப்படியானால் டன் கணக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் ஊதிவிடும். ஈரத்தை உலர்த்தி, மெழுகு பூசி, நீரில் அமிழ்த்தி அளந்த எண்தான் வேண்டும்.

இந்திய முறையில் ஆய்வின் ஆழத்தை ஜி4 முதல் ஜி1 வரை குறிப்பார்கள். ஜி4 என்பது மேலோட்டப் பார்வை, ஜி1 விரிவான துளையிடல். ஜி4 கோப்பில் உள்ள டன் எண்ணை எடுத்துச் சுரங்கக் கணக்குப் போடாதீர்கள். அந்த எண் அதற்காக உருவானதல்ல.

7. தோண்டினால் எவ்வளவு வீண்மண் வரும்

செங்குத்தாக இறங்கும் 50 மீட்டர் அகலப் பட்டையை 60 மீட்டர் ஆழம் வரை தோண்டுகிறோம், குழியின் சுவர் 45 பாகை சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கு வெட்டில் தாது 3,000 சதுர மீட்டர். இரண்டு பக்கமும் வெட்டி எறிய வேண்டியது 3,600. அதாவது தாது ஒன்றுக்கு வீண்மண் 1.2. அடுத்த 60 மீட்டர் இறங்கினால், அந்தப் பகுதிக்கு மட்டும் ஒன்றுக்கு 3.6 ஆகிவிடும்.

அதே 60 மீட்டர் ஆழத்தில் பட்டை 5 மீட்டர் அகலம்தான் என்றால் ஒன்றுக்கு 12. தரம் (ரேர் எர்த் சதவீதம்) இரண்டு மடங்கு அதிகம் என்று காட்டி மெல்லிய பட்டைகளைக் கொண்டுவருபவர்களிடம், இந்த முக்கோணத்தை ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினாலே பேச்சு மாறும்.

தாது மணலில் இந்தக் கவலை இல்லை. வெடி வேண்டாம், அரைக்க வேண்டாம், கடலே செறிவாக்கி வைத்திருக்கிறது.

8. மீட்புக் கணக்கு: சங்கிலியாகப் பெருக்குங்கள்

பாறையில் இருப்பது முழுதும் கைக்கு வராது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் போகும். கற்பனை எண்களில் ஒரு கணக்கு.

நீளம் 400 மீட்டர், தடிமன் 50, ஆழம் 60. கன அளவு 12 லட்சம் கன மீட்டர். அடர்த்தி 2.8 என்றால் 33.6 லட்சம் டன். தரம் 1.5 சதவீதம் என்றால் உள்ளே இருப்பது 50,400 டன் ஆக்சைடு.

மிதப்பு முறையில் 60 சதவீதம் மீட்டால் 30,240 டன். உடைத்துக் கரைப்பதில் 85 சதவீதம் என்றால் 25,704. தனித்தனியாகப் பிரிப்பதில் 90 சதவீதம் என்றால் சுமார் 23,130. அதில் நியோடிமியமும் பிரசியோடிமியமும் 18 சதவீதம் என்றால் ஏறத்தாழ 4,160 டன்.

50,400 என்ற எண்ணோடு தொடங்கி 4,160இல் வந்து நிற்கிறோம். சுரங்கத்தின் ஆயுள் முழுதுக்கும் இவ்வளவுதான். முதலீட்டாளருக்குப் போகும் அறிக்கையில் முதல் எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது நியாயமில்லை.

மிதப்பின் 60 சதவீதத்தை எங்கிருந்து எடுப்பது? பிள்ளைகள் வேறொரு சுரங்கத்தின் எண்ணைக் கடன் வாங்குவார்கள். அது கூடாது. இரண்டாம் படியில் பார்த்த துகள் அளவும் பின்னலும்தான் இந்த எண்ணைத் தீர்மானிக்கும். சொந்தப் பாறையில் சோதனை நடக்கும் வரை ஒரே எண்ணாக எழுதாமல், 40 என்றால் என்ன, 70 என்றால் என்ன என்று இரண்டு கணக்காகப் போடுங்கள்.

கடைசிக் கட்டமான பிரிப்பையும் லேசாக எண்ண வேண்டாம். பக்கத்துப் பக்கத்துத் தனிமங்கள் வேதியியலில் ஒட்டிப் பிறந்தவை போல. கரிமக் கரைப்பானும் அமிலமும் மாறி மாறிக் கலந்து படியும் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக வேண்டும். பிரிப்பு ஆலை இல்லாத படிவு கலவைக் கார்பனேட்டைத்தான் விற்க முடியும். அதன் விலை தனித்தனி ஆக்சைடுகளின் விலையைவிட நன்றாகவே குறையும்.

9. தோரியமும் சட்டமும்

நான் குமரி மாவட்டத்துக்காரன். மணவாளக்குறிச்சியின் அரிய மணல் ஆலையைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் இந்தப் பகுதியை யாரும் கடைசி நாளில் இரண்டு வரியில் முடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

இந்திய மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 சதவீதம் வரை இருக்கும், யுரேனியமும் சிறிது உண்டு. ரேர் எர்த்தை எடுத்த பிறகு தோரியம் எங்கே போகிறது, ரேடியம் எந்தக் கழிவில் சேர்கிறது, அதை எத்தனை ஆண்டு எங்கே வைப்பார்கள் என்ற கேள்விகளுக்குக் கோப்பில் பதில் வேண்டும். மவுன்ட் வெல்ட் தாதுவைச் சுத்திகரிக்கும் மலேசியாவின் குவாந்தான் ஆலையில் ஆண்டுக்கணக்காக மக்கள் எதிர்த்ததும் தோரியம் கலந்த கழிவைப் பற்றித்தான்.

சட்டத்தில் மோனசைட் அணுசக்தி தொடர்பான சட்டங்களின் கீழ் வருகிறது. மாதிரி என்று சொல்லிக் கடற்கரை மோனசைட்டைச் சேகரித்து வீட்டில் வைக்காதீர்கள். யுரேனியம், தோரியம் கொண்ட ரேர் எர்த் கனிமங்கள் அணுக் கனிமப் பட்டியலில் இருக்கின்றன. குறித்த வரம்பைத் தாண்டினால் சுரங்க உரிமை அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. கடற்கரை மணலில் மோனசைட்டுக்கான வரம்பை 2019இல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். யுரேனியமும் தோரியமும் இல்லாத ரேர் எர்த் கனிமங்கள் 2023 திருத்தத்தில் முக்கியக் கனிமப் பட்டியலுக்குள் வந்தன. அவற்றை மத்திய அரசு ஏலம் விடுகிறது.

ஆகவே இந்தியக் கோப்பு என்றால், பாறையில் தோரியம் எவ்வளவு என்பது சுற்றுச்சூழல் கேள்வி மட்டுமல்ல. யார் தோண்டலாம் என்பதையே அது தீர்மானிக்கும். சந்தேகம் இருந்தால் அணுக் கனிம இயக்ககத்தின் தென்மண்டல அலுவலகம் நம் பெங்களூர் நாகரபாவியிலேயே இருக்கிறது. முறைப்படி எழுதிக் கேட்கலாம்.

நிலத்தில் வாழ்பவர்களையும் வரைபடத்தில் குறியுங்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தாது மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, என் ஊர்ப் பக்கத்து மீனவக் கிராமங்கள் எதிர்த்து நின்றன. வீடு எங்கே, கிணறு எங்கே, வள்ளம் ஏற்றும் கரை எங்கே என்று தெரியாத வரைபடம் பாதி வரைபடம்.

10. அறிக்கையை எழுதும் வரிசை

முதல் வரியில் படிவின் வகையும் கனிமத்தின் பெயரும். இரண்டாவது வரியில் துகள் அளவு. அப்புறம் கூடை, அதற்குப் பிறகுதான் தரமும் டன்னும். கடைசியில் மீட்புக் கணக்கு, இரண்டு எண்களோடு. தோரியத்துக்குத் தனிப் பத்தி.

விடுபட்ட தகவல்களை அறிக்கையின் ஓரத்தில் ஒதுக்காமல், கேள்விகளாக எண் போட்டு, கோப்பை அனுப்பியவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். எங்கள் அலுவலகத்தில் பெரும்பாலும் முதல் கேள்வி கரைத்த முறை, இரண்டாவது கேள்வி உலர் அடர்த்தி. பதில் வரும் வரை அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். வேறு படிவின் எண்ணைக் கொண்டு நிரப்பாதீர்கள்.